ராக்கெட்டைப் பார்த்தோம், நெல்லை மறந்தோம்

ஈசான மூலை என்றால் என்னவென்று நம்மில் எல்லோருக்கும் தெரியும். வீடு கட்டும்போது வடகிழக்கு மூலையைப் பற்றி நம் பெரியவர்கள் போடும் சண்டை உலகப் பிரசித்தம். தாய்லாந்து வரைபடத்தை எடுத்து அதன் வடகிழக்குப் பகுதியைப் பாருங்கள். அதற்குப் பெயரே ‘ஈசான்’தான். அதே சம்ஸ்கிருதச் சொல், அதே அர்த்தம். அந்த ஈசானுக்குள் ஒரு மாகாணம் உடோன் தானி. ‘உத்தர’ என்பதுதான் அங்கே ‘உடோன்’ ஆகிவிட்டது. ஆக, வடக்கு நகரம்.

தாய்லாந்து என்றாலே தமிழில் எழுதுபவர்கள் எல்லோரும் பாங்காக் அரண்மனைக்குப் போய் விடுவார்கள். அங்கே திருவெம்பாவை ஓதினார்கள், ஊஞ்சல் ஆடினார்கள் என்று. உண்மைதான், அந்தத் தொடர்பு பெருமையான தொடர்புதான். ஆனால் அது ராஜா வீட்டு விஷயம். நான் இங்கே பேச வந்தது சேற்றில் இறங்கி நாற்று நடுகிறவன் வீட்டு விஷயம்.

முதலில் ஊரைப் பற்றி இரண்டு வரி. ஈசானில் 20 மாகாணங்கள். நாட்டு மக்கள்தொகையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இங்கேதான். மணல் கலந்த மண், பல இடங்களில் உப்புத் தரை. பெரும்பாலும் வானம் பார்த்த பூமி, வருடத்துக்கு ஒரு போகம். சாப்பிடுவது ஒட்டரிசி. பிடி பிடியாக உருட்டி, தொட்டுக்கொண்டு சாப்பிடுவார்கள். பலர் விற்பதற்கு மல்லிகை வாசனை அரிசியும் வீட்டுக்கு ஒட்டரிசியும் பயிரிடுகிறார்கள். பேச்சும் பாங்காக் பேச்சு அல்ல, பக்கத்து நாடான லாவோஸின் மொழிக்கு நெருக்கமானது.

இப்படிப்பட்ட ஊரில் திருவிழா எத்தனை? மாதத்துக்கு ஒன்று, மொத்தம் பன்னிரண்டு. ‘ஹீத் சிப் சோங்’ என்று அதற்குப் பெயர். பன்னிரண்டு வழக்கங்கள் என்று அர்த்தம். ஒவ்வொரு விழாவையும் ‘புன்’ என்கிறார்கள். புண்ணியம் என்ற நம் சொல்லின் பாலி வடிவமான ‘புஞ்ஞ’தான் அங்கே ‘புன்’. நாம் ‘திருவிழாவுக்குப் போகிறேன்’ என்று சொல்லும் இடத்தில் அவர்கள் ‘புண்ணியத்துக்குப் போகிறேன்’ என்கிறார்கள்.

இந்தப் பன்னிரண்டில் உலகத்துக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. ராக்கெட் திருவிழா, ‘புன் பாங் ஃபாய்’. உடோனிலும் உண்டு, யசோத்தோன் மாகாணத்தில்தான் ரொம்பப் பிரபலம். மே மாதம், மழைக்கு முன்னால், வெடியுப்பும் கரியும் அடைத்த ராக்கெட்டுகளை வானத்துக்கு விடுவார்கள். யூட்யூபில் தேடினால் வந்து கொட்டும். என் வகுப்புத் தோழன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “ஏண்டா, இதெல்லாம் பௌத்தமா? புத்தர் எங்கேடா ராக்கெட் விட்டார்?”

நல்ல கேள்வி. இந்தக் கட்டுரையே அவனுக்கான பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தேரை ராஜாவின் ஒப்பந்தம்

ராக்கெட்டுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. வானத்தில் ஃபயா தேன் என்ற தெய்வம். மழை அவர் கையில். ஒருமுறை கோபித்துக்கொண்டு மழையை நிறுத்தி விட்டார். பூமியில் எல்லாம் வாடுகிறது. ஃபயா கான்காக் என்ற தேரை ராஜா படை திரட்டினார். கரையான்கள் வானம் வரைக்கும் புற்று கட்டின. தேளும் பூரானும் அதன் வழியே ஏறிப்போய் வானத்துப் படையைக் கடித்துத் தள்ளின. கடைசியில் சமாதான ஒப்பந்தம்.

ஒப்பந்தத்தின் ஷரத்துகள்தான் எனக்குப் பிடித்த இடம். ராக்கெட் மேலே வந்தால் ‘மழை அனுப்பு’ என்று அர்த்தம். தவளைகள் கத்தினால் ‘மழை வந்து சேர்ந்தது’. அறுவடைக் காலத்தில் பட்டத்தில் கட்டிய வில் காற்றில் ரீங்கரித்தால் ‘போதும், நிறுத்து, நெல் நனைந்துவிடும்’.

கவனியுங்கள். மழையைக் கேட்பது மட்டும் இல்லை. வந்ததற்கு ரசீது கொடுப்பதும், போதும் என்று சொல்வதும் சேர்ந்துதான் ஒப்பந்தம். மூன்றில் ராக்கெட்டை மட்டும் வைத்துக்கொண்டால் அது வெறும் மனு.

இப்போது நடப்பது கிட்டத்தட்ட அதுதான். ராக்கெட் எவ்வளவு நேரம் வானத்தில் நிற்கிறது என்று பந்தயம், அதன்மேல் சட்டத்துக்குப் புறம்பான சூதாட்டம். 120 கிலோ வெடிமருந்து அடைத்த ராக்கெட் எல்லாம் விடுகிறார்கள். 1999 மே மாதம் அப்படி ஒன்று கிளம்பிய இரண்டு வினாடியிலேயே வெடித்து 4 பேர் செத்துப் போனார்கள். பட்டத்தின் ரீங்காரத்துக்குப் பந்தயமும் இல்லை, கேமராவும் இல்லை. அதனால் வெளியே யாருக்கும் அது தெரியவும் இல்லை.

களம் இல்லாத களப் புண்ணியம்

இப்போது விளம்பரமே இல்லாத ஒரு விழாவைச் சொல்கிறேன். ‘புன் கூன் லான்’. லான் என்றால் களம். கூன் என்றால் பெருக்குவது. நம் பாஷையில் ‘களம் பொலிக’.

நவம்பர், டிசம்பரில் அறுப்பு. அறுத்த கதிரைக் காயவிட்டு, எருமைச் சாணம் மெழுகிய களத்துக்குக் கொண்டுவந்து, கோலால் அடித்து நெல்லைக் குவிப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுபோகும் முன் பிக்குகள் களத்துக்கே வந்து ஓதுவார்கள். நெல்லின் மேல் தண்ணீர் தெளிப்பார்கள். அத்தோடு நெல்லின் ‘குவன்’ஐக் கூப்பிடும் சடங்கு.

குவன் என்பதை உயிர் என்றும் சொல்லலாம், உயிரோடு ஒட்டியிருக்கும் தெம்பு என்றும் சொல்லலாம். மனிதனுக்கு 32 குவன் உண்டு என்பது அவர்கள் நம்பிக்கை. பயந்தால், நோய் வந்தால், தூர தேசம் போனால் குவன் உடம்பை விட்டுப் போய்விடும். கூப்பிட்டு, மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி நிறுத்த வேண்டும். நெல்லுக்கும் அப்படியே. அரிவாள் பட்டு, அடிபட்டு, மிதிபட்டுக் கலங்கிப் போயிருக்கும் நெல்லை ‘வா, வீட்டுக்குப் போகலாம்’ என்று சமாதானம் செய்து கூப்பிடுகிறார்கள். மே போசோப் என்ற நெல் தாய்க்கு மரியாதை செய்கிறார்கள்.

சரி, இன்றைக்கு என்ன ஆயிற்று? அறுவடை இயந்திரம் வந்தது. வயலிலேயே அறுத்து, அங்கேயே அடித்து, நெல் நேராக லாரிக்கு, லாரியிலிருந்து ஆலைக்கு. களமே தேவையில்லை. நான் இயந்திரத்தைத் திட்ட மாட்டேன். குனிந்து அறுத்த முதுகுக்குத்தான் அதன் அருமை தெரியும். நிழலில் உட்கார்ந்து டைப் அடிப்பவனுக்கு அதைக் குறை சொல்லும் உரிமை கிடையாது.

ஆனால் களம் போனபின் களப் புண்ணியம் எங்கே போகும்? பல ஊர்களில் அது கோயிலுக்குப் போய்விட்டது. வீட்டுக்கு வீடு நெல் கொண்டுவந்து கோயில் வளாகத்தில் குவிக்கிறார்கள். காலசின் மாகாணத்தில் நெற்கதிர்களாலேயே கோபுர மாளிகை கட்டுகிறார்கள். குவிந்த நெல்லை விற்ற பணம் கோயிலுக்கும் பொதுக்காரியத்துக்கும் போகிறது. தனித்தனிக் களங்கள் போய், ஊருக்கே ஒரு களம்! ‘பாரம்பரியம் செத்துவிட்டது’ என்று ஒப்பாரி வைப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும். சடங்கு சாகவில்லை, இடம் மாற்றிக்கொண்டது. அது செய்த வேலை இன்னும் தேவைப்படுகிறது, அதனால் இருக்கிறது.

ஒரு தமிழர் உடோனில்

இந்த மாகாணத்தை உலகத்துக்கு அறிமுகம் செய்த ஆராய்ச்சியாளர்களில் முக்கியமானவர் ஒரு தமிழர். இலங்கையில் 1929இல் பிறந்த ஸ்டான்லி ஜெயராஜா தம்பையா. 1956இல் கல்லோயாவில் மாணவர்களோடு கள ஆய்வில் இருந்தபோது அங்கே தமிழருக்கு எதிரான கலவரம் வெடித்தது. 1960களின் தொடக்கத்தில் யுனெஸ்கோ நிபுணராகத் தாய்லாந்து போனார். உடோன் தானியில் பான் ஃபிரான் முவன் என்ற கிராமத்தில் ஆய்வு செய்தார். வடகிழக்குத் தாய்லாந்தின் பௌத்தத்தையும் ஆவி வழிபாடுகளையும் பற்றி 1970இல் ஆங்கிலத்தில் புத்தகம் எழுதினார். பின்னாளில் ஹார்வர்டில் பேராசிரியர். 2014இல் மறைந்தார்.

தமிழர்களுக்கு, அதிலும் ஈழத்தமிழர்களுக்கு, பௌத்தம் என்ற சொல் எப்படி ஒலிக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தம்பையாவே 1983 இனப்படுகொலைக்குப் பிறகு இலங்கை அரசியலைப் பற்றி 1986இல் ஒரு புத்தகம் எழுதினார். பௌத்தம் அங்கே அரசியலுக்குள் எப்படி இழுக்கப்பட்டது என்று 1992இல் இன்னொன்று எழுதினார். அது இலங்கையில் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. அப்படிப்பட்டவர், அதற்கு முன்பே, ஒரு பௌத்த கிராமத்தில் உட்கார்ந்து அவர்கள் நெல்லை எப்படிக் கூப்பிடுகிறார்கள், நூல் எப்படிக் கட்டுகிறார்கள் என்று அவ்வளவு பொறுமையாக எழுதி வைத்திருக்கிறார். படிக்கும்போது எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

அவர் காட்டியது என்ன? அந்தக் கிராமத்தில் பிக்கு, குவன் கூப்பிடும் பெரியவர், ஊர்க் காவல் தெய்வத்துக்குப் படையல் வைக்கும் பூசாரி என்று ஆளுக்கொரு வேலை இருக்கிறது. ஒன்றோடு ஒன்று பிணைந்து ஒரே ஏற்பாடாக இயங்குகிறது. குவன் கூப்பிடுகிறவர் பெரும்பாலும் இளமையில் பிக்குவாக இருந்துவிட்டு வந்த குடும்பஸ்தர். அவருக்கு அங்கே பெயர் ‘பிராம்’. பிராமணர் என்பதன் திரிபுதான். சாதி எல்லாம் இல்லை, அவரும் வயலில் இறங்கும் விவசாயிதான் :-)

ஆக, ‘இது பௌத்தமா, மூடநம்பிக்கையா’ என்று என் நண்பன் கேட்டதைப் போல அந்த ஊர்க்காரர் யாரும் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. கேட்டவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். 1902இல் சங்கச் சட்டம் போட்டு நாட்டிலுள்ள பிக்குகளை எல்லாம் பாங்காக்கின் ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவர வழி செய்தார்கள். ஆவி வழிபாட்டை விடச் சொல்லி ஊர் ஊராகப் போன துறவிகளும் உண்டு. ‘சுத்தமான’ மதம் வேண்டும் என்பவர்கள் சடங்கை வெட்டப் பார்க்கிறார்கள். ‘கலர்ஃபுல்’ திருவிழா வேண்டும் என்பவர்கள் சடங்கை வைத்துக்கொண்டு அதன் காரணத்தை வெட்டுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை இரண்டு கத்திரிக்கோலும் ஒன்றுதான்.

கொடுத்தவனைத் திரும்ப அழைத்தல்

சந்தேகம் இருந்தால் ‘புன் பவேத்’ விழாவைப் பாருங்கள். அறுவடை முடிந்து களஞ்சியம் நிறைந்திருக்கும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் வருவது. தம்பையாவின் கிராமத்தில் மிகப் பெரிய விழா இதுதான்.

புத்தரின் முற்பிறவிக் கதைகளில் வெஸ்ஸந்தர இளவரசன் கதை. அவனிடம் மழை தரும் வெள்ளை யானை இருந்தது. பஞ்சத்தில் தவித்த கலிங்க நாட்டார் வந்து கேட்டார்கள். கொடுத்துவிட்டான். சொந்த ஊர் மக்களுக்குக் கோபம். நம் மழையை எப்படி அடுத்தவனுக்குக் கொடுக்கலாம்? நாடு கடத்திவிட்டார்கள். காட்டில் தன் பிள்ளைகள் இருவரையும்கூடக் கேட்டவனுக்குத் தானம் செய்கிறான். கடைசியில் எல்லாம் திரும்பக் கிடைக்கிறது, ஊர் அவனை அழைத்துக்கொள்கிறது.

விழாவில் இந்தக் கதையின் பதின்மூன்று பகுதிகளையும் ஒரே நாளில் ஓதுவார்கள். ஆயிரம் பாட்டுக்கு ஆயிரம் சோற்று உருண்டைகள். ஓதுவதற்கு முன் கதை வரைந்த நீண்ட துணியை ஊர் கூடிச் சுமந்து ஊர்வலமாக உள்ளே கொண்டுவருகிறார்கள். இளவரசன் ஊர் திரும்புகிறான் என்பது ஐதீகம். கொடுத்ததற்காகத் துரத்தப்பட்டவனை, களஞ்சியம் நிறைந்தபின் ஊரே போய் அழைத்து வருகிறது. வானம் பார்த்த பூமியில் இதைவிடப் பொருத்தமான கதை எது?

பிள்ளைகளைத் தானம் செய்தது எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பிள்ளைகளை யார் கேட்டார்கள்? ஆனால் ஈசானில் இந்தப் பகுதி வரும்போது ஏன் அழுகிறார்கள் என்று புரிகிறது. அப்பா அம்மா பாங்காக்கில் ஆலை வேலைக்குப் போய்விட, தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் அங்கே ஏராளம். கதை கேட்கும் கூட்டத்தில் அந்தத் தாத்தா பாட்டிகள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் இன்றைக்கு என்ன மதிப்பு?

ரொம்ப நடைமுறைக் கேள்வி. நடைமுறையாகவே பதில் சொல்கிறேன்.

தாய்லாந்திலிருந்து வெளிநாட்டு வேலைக்கு அதிகம் பேரை அனுப்பும் மாகாணங்களில் முன்னணியில் இருப்பது உடோன் தானி. ஒரு காலத்தில் சவுதி, பிறகு தைவான், தென் கொரியா, இஸ்ரேல். 2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேல் பண்ணைகளில் தாக்குதல் நடந்தபோது தாய்லாந்துத் தொழிலாளிகள் பலர் கொல்லப்பட்டார்கள், பலர் பணயக் கைதிகளாகப் பிடிக்கப்பட்டார்கள். பெரும்பாலானவர்கள் ஈசான் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். யாருடைய சண்டையோ, சாவு இவர்கள் வீட்டில்.

அந்த நவம்பரில் விடுவிக்கப்பட்டவர்கள் ஊர் திரும்பியபோது கிராமத்தார் முதலில் செய்தது என்ன தெரியுமா? வாழை இலையில் கூம்பு கட்டி, பூ வைத்து, முட்டையும் ஒட்டரிசியும் வைத்து, உட்கார வைத்து, குவனைக் கூப்பிட்டு, மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டினார்கள். களத்தில் நெல்லுக்குச் செய்யும் அதே அழைப்பு. ‘பயந்து எங்கேயோ போய்விட்டாய், வா, வீட்டுக்குப் போகலாம்.’

இதைச் செய்ய அரசு உத்தரவு வரவில்லை, சுற்றுலாத் துறை மேடை போடவில்லை. வருடா வருடம் நெல்லுக்கும், பிறந்த குழந்தைக்கும், கல்யாண ஜோடிக்கும், வேலைக்குக் கிளம்புகிறவனுக்கும் கட்டிக் கட்டிப் பழகிய கை. அதனால் நெருக்கடி வந்தபோது அந்தக் கைக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. ராக்கெட் மேளாவை எவ்வளவு பிரமாண்டமாக நடத்தினாலும் இந்தக் கை பழகாது.

இன்னொரு பக்கமும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ‘கிராமம் என்றால் சொர்க்கம்’ என்று எழுதுகிற கூட்டத்தில் என்னையும் சேர்த்துவிடுவீர்கள். நூல் கட்டினால் கடன் அடையாது. ஈசான் விவசாயியின் கடன் சுமை பெரிய பிரச்சினை. விழாச் செலவு ஏழைக்கும் உண்டு, பக்கத்து வீட்டைப் பார்த்துச் செய்தாக வேண்டிய கௌரவமும் உண்டு. விழா என்றால் சாராயம் என்று ஆகிப்போய், இப்போது ‘மது இல்லாத புண்ணியம்’ என்று பிரசாரம் செய்ய வேண்டியிருக்கிறது. சோறு சமைத்து, உருண்டை பிடித்து, இலை மடிப்பது பெரும்பாலும் பெண்கள். காவி உடுத்தி முன்வரிசையில் உட்காருவது ஆண்கள். இதையெல்லாம் பாரம்பரியம் என்ற பெயரில் மூடி மறைக்க வேண்டியதில்லை.

ஆனாலும் ஒரு திருவிழா உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க நான் மூன்று கேள்விதான் வைப்பேன். யார் கொடுக்கிறார்கள்? யார் சாப்பிடுகிறார்கள்? யார் திரும்பி வருகிறார்கள்? எத்தனை பேர் வேடிக்கை பார்த்தார்கள் என்பது நான்காவது கேள்விகூட இல்லை.

அந்தக் கணக்கில் இன்னொரு விழா எனக்கு ராக்கெட்டைவிடப் பெரியது. ஒன்பதாம் மாத அமாவாசை, ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில் வரும். ‘புன் காவ் பிரதாப் தின்’. சோறு, பதார்த்தம், பழம், வெற்றிலை எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வாழை இலையில் பொட்டலம் கட்டி, விடியும் முன் இருட்டில், கோயில் மதில் ஓரத்திலும் மரத்தடியிலும் தரையில் வைத்துவிட்டு வருவார்கள். செத்துப்போன சொந்தங்களுக்கு, சொந்தம் என்று சொல்ல ஆள் இல்லாத ஆவிகளுக்கும் சேர்த்து. அது பயிர் பச்சையாக நிற்கும் காலம். போன வருட நெல் குதிரின் அடியைத் தொட்டிருக்கும், புது நெல் வர இன்னும் மூன்று மாதம். கையில் குறைவாக இருக்கும் நேரம் பார்த்து, கேட்க வாயில்லாதவர்களுக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறது அந்த வழக்கம். இருட்டில் வைப்பதால் யார் எவ்வளவு வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. போட்டோ எடுக்கவும் வெளிச்சம் போதாது.

நண்பா, இதெல்லாம் பௌத்தமா என்று கேட்டாய் அல்லவா? கொடு என்பதுதான் அந்த மதம் ஊருக்குச் சொன்ன முதல் பாடம். எப்போது, எதை, யாருக்குக் கொடுப்பது என்பதை நெல்லும் மழையும் ஊர்ச் சாமியும் சேர்ந்து சொல்லிக் கொடுத்தன. இரண்டையும் பிரித்தால் ஒரு கையில் வெறும் உபதேசமும் மறு கையில் வெறும் வாணவேடிக்கையும்தான் மிஞ்சும்.

தாய்லாந்து போக வாய்ப்புக் கிடைத்தால் மே மாத ராக்கெட்டைத் தாராளமாகப் பாருங்கள். முடிந்தால் ஜனவரியில் போய், ஏதாவது ஒரு சின்ன ஊர்க் கோயிலில் நெல் குவிப்பதையும் பாருங்கள். நம் ஊரில் இப்படி இடம் மாறிப் பிழைத்துக்கொண்ட சடங்கு எது, காரணத்தைத் தொலைத்துவிட்டு வேடிக்கையாக மட்டும் நிற்பது எது என்று உங்களுக்குத் தோன்றினால் எழுதுங்கள். சண்டை போட வேண்டுமானாலும் போடலாம், ஈசான மூலைச் சண்டை அளவுக்குப் போகாமல் இருந்தால் சரி.